பாவம் எங்களுக்கு ஒட்டினால் ஒட்டட்டும்

தாமிரபரணியின் பாபநாசம் படித்துறை வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆடி அமாவாசைக்கு மறுநாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று, குளித்தவர்கள் ஆற்றில் விட்ட துணிகளை அள்ளிக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "அடுத்தவன் பாவத்தைத் தூக்கி வெளிய போடுதீங்களே, உங்க குடும்பம் வெளங்குமா?" என்று கத்தியவர் யார் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். அவர் பெயர் எனக்குத் தேவையில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே அவருக்கு ஆதரவாக எழுதினீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஆற்றில் இறங்கித் துணியை எடுப்பதும் சாமி கும்பிடுவதுதான்.

முங்கி எழுந்து, பாவம் போகட்டும் என்று உடுத்தியிருந்த சேலையை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம். பார்த்தால் தெரியும், அது எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில் சிக்குகிறது, பாதி மணலில் புதைகிறது, அடுத்த சேலை வந்து அதில் மாட்டுகிறது. பாலியெஸ்டர் மக்காது. குளிக்க இறங்குகிறவர் காலைச் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. மணல் ஏறிய ஈரச் சேலையை உருவி எடுக்க இரண்டு பேர் வேண்டும். அன்று அந்த வேலையைச் செய்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். காலையில் சாப்பிடாமல்கூட வந்திருந்தார்கள். கத்தியவரிடம் ஒருவன், "அண்ணாச்சி, கீழ இந்தத் தண்ணியத்தான் குடிக்காங்க" என்று மட்டும் சொன்னான். வீடியோவில் அது கேட்காது.

அவன் சொன்னது உண்மைதானே? பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும்வரை வழியெல்லாம் இந்த ஆற்றைத்தான் நம்பி இருக்கிறோம். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் இதுதான். விருதுநகர் மாவட்டத்து ஊர்கள்வரை குழாயில் போகிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றை நம்பிச் சுமார் 86 ஆயிரம் ஏக்கர் வயல். நீங்கள் விட்ட துணி ஒருவர் குடிக்கிற தண்ணீரில்தான் கிடக்கிறது. அதை எடுப்பவனுக்குப் பாவம் ஒட்டும் என்று எந்தச் சாமி சொன்னது?

என் ஆச்சி ஆற்றில் கால் வைக்கும் முன் குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்வாள். தாயை மிதிக்கப் போகிறோம், கேட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பாள். ஆற்றில் எச்சில் துப்பினால் முதுகில் அடி விழும். தாத்தா இறந்த பிறகு அவருடைய வேட்டி சட்டைகளைத் துவைத்து மடித்து, தேவைப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கொடுத்தாள். தாத்தாவுக்கு அந்தப் புண்ணியம் போய்ச் சேரும் என்று முழுதாக நம்பினாள். ஒரு துண்டைக்கூட அவள் ஆற்றில் விடவில்லை. அவளுக்குப் பக்தி குறைவு என்று சொல்ல உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

சரி, "இந்துக்களை மட்டும்தான் கேட்பீர்களா?" என்கிறீர்கள். இந்தக் கேள்விதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. நாங்கள் யார் என்று நினைத்தீர்கள்? துணி எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாள் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு மலையிறங்கி வந்தவர்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில் என்று, வனத்துறை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்தபோது ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள். தன் அம்மாவை ஒருவன் குளிப்பாட்டினால், அவன் அம்மாவுக்கு எதிரியா?

"சாக்கடையைப் போய்க் கேளுங்கள்" என்றும் ஒருவர். கேட்காமலா இருக்கிறோம்? ஆற்றில் சாக்கடை கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை வழக்கு போயிருக்கிறது. எங்கள் பங்குக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வராமல் மறுபடியும் கொடுத்திருக்கிறோம். துணியைவிடச் சாக்கடை பெரிய கேடு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அரசாங்கம் சாக்கடையை நிறுத்தும்வரை நாம் சேலையை விட்டுக்கொண்டிருக்கலாம் என்பது என்ன நியாயம்? சாக்கடையை நிறுத்துவது என் கையில் மட்டும் இல்லை. சேலையை விடாமல் இருப்பது முழுக்க என் கையில் இருக்கிறது.

போட்டோவுக்காகச் செய்கிறோம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

2018 அக்டோபரில் தாமிரபரணியில் நடந்த மகாபுஷ்கர நீராடல் விழாவுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள்! 144 வருடங்களுக்கு ஒருமுறை என்று ஊரே ஆற்றங்கரையில் நின்றது. ஆரத்தி எடுத்தோம், தாயே என்று கூப்பிட்டோம், அழுதவர்களைக்கூடப் பார்த்தேன். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லட்சங்களில் ஆயிரம் பேர், வருடத்தில் ஒரே ஒரு நாள் காலையில் துணி எடுக்க இறங்கியிருந்தால் இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் வசவு வாங்கியிருக்க வேண்டியதில்லை. இந்த ஆற்றில் நீர்நாய்கள் வாழ்கின்றன. அவையும் இதே தண்ணீரில்தான் மீன் பிடித்துக் குட்டிகளை வளர்க்கின்றன. அவை எந்தத் தண்ணீருக்குப் போகும்?

கத்தியவர்மீதுகூட எனக்குக் கோபம் தணிந்துவிட்டது. அவர் ஏதோ பயத்தில் கத்தினார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அத்தனை பேரில் ஒருவர்கூட "பிள்ளைகளை விடுங்கய்யா" என்று சொல்லவில்லை. வீடியோ எடுக்க மட்டும் கை வந்தது. என் பதிவுகளுக்கு மாதம் தவறாமல் விருப்பக்குறி போடுகிற இரண்டு முகங்களையும் அந்தக் கூட்டத்தில் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதே படித்துறையில் மறுபடி இறங்குகிறோம். கையுறையும் கொக்கிக் கம்பும் இருக்கின்றன. நீச்சல் தெரியாதவர்கள் கரையில் நின்று துணியைப் பிழிந்து சாக்கில் கட்டலாம், அதற்குத்தான் ஆள் போதவில்லை. பின்னூட்டத்தில் திட்டியவர்களும் வாருங்கள். தர்ப்பணம் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்து முடித்துவிட்டே வாருங்கள், காத்திருக்கிறோம்.