9 கிகாஹெர்ட்ஸும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

ஓவர்கிளாக்கிங்கில், அதாவது கம்ப்யூட்டர் சிப்பை கம்பெனி வைத்த வேகத்தையும் தாண்டி ஓட்டுவதில், புது உலக சாதனை என்று செய்தி வந்தால் போதும், எல்லாரும் ஒரே ஒரு எண்ணைத்தான் ஷேர் செய்வார்கள். 2022 டிசம்பரில் எல்மோர் என்பவர் இன்டெல் கோர் ஐ9-13900கே சிப்பை 9 கிகாஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 900 கோடி துடிப்பு) மேலே கொண்டுபோனார். 2024-ல் அவரே 14900கேஎஸ் சிப்பில் 9.1-ஐயும் தாண்டினார். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்பதுதான் என் பிரச்சினை.

அது எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். சிபியு-இசட் என்ற குட்டி மென்பொருள், அந்த நொடியில் சிப் என்ன வேகத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். அடுத்த நொடியே சிஸ்டம் உறைந்து நின்றாலும் சாதனை சாதனைதான். அந்த வேகத்தில் ஒரு கணக்கைக்கூடப் போட்டு முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2011-ல் இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8150 கதை இதற்கு நல்ல உதாரணம். 8 கோர் சிப், அதாவது கணக்குப் போடும் அலகுகள் எட்டு. திரவ ஹீலியத்தை ஊற்றிக் குளிர்வித்து, 2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுக் கின்னஸில் இடம் பிடித்தார்கள். அப்போது உயிரோடு இருந்தவை 2 கோர்தான், மற்ற ஆறையும் அணைத்துவிட்டார்கள். சில வாரங்களில் அதே சிப் கடைக்கு வந்தது. கேம்களில் இன்டெல்லின் ஐ5-2500கே அதைத் தூக்கிச் சாப்பிட்டது. சில சோதனைகளில் ஏஎம்டியின் சொந்தப் பழைய சிப்பான ஃபீனம் 2 எக்ஸ்6-கூட முந்தியது! அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் 8 கிகாஹெர்ட்ஸ் பட்டியலில் உட்கார்ந்திருந்தது எது தெரியுமா? செலரான் டி. பென்டியம் 4 குடும்பத்தின் மலிவுப் பிள்ளை. வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி நீளமான பைப்லைனில் விடும் டிசைன் என்றால் கடிகார வேகம் எளிதாக ஏறும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடக்கும் வேலை குறைச்சல். ஆக, கிகாஹெர்ட்ஸ் பட்டியலின் உச்சியில் ரொம்ப நாள் இருந்தவை நிஜ வேலையில் பின்தங்கிய சிப்கள்தான்.

இதற்காக ஓவர்கிளாக் செய்யும் ஆட்களின் கைவேலையைக் குறைத்துப் பேசினால் பாவம். நியாயமாக நாம் பேச வேண்டியதே அதைத்தான். பிராசசர் மேல் செம்பில் கடைந்த ஒரு குடுவை. சுற்றிலும் ஃபோம். சாக்கெட்டைச் சுற்றி வாஸலைன் அப்பியிருப்பார்கள், காற்றின் ஈரம் பனியாகிப் பிறகு தண்ணீராக உள்ளே இறங்கினால் போர்டு போச்சு. ஒரு கையில் பிளாஸ்க், கண் தெர்மாமீட்டரில். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். குளிரில் சிப்பின் கசிவு மின்னோட்டம் குறைகிறது, டிரான்சிஸ்டர்கள் வேகமாகத் திறந்து மூடுகின்றன. அதனால்தான் இன்னும் வேகத்துக்காக வோல்டேஜைக் கூட்டத் துணிச்சல் வருகிறது. வோல்டேஜை ஒன்றரை மடங்காக்கினால் அதே வேகத்திலேயே வெப்பம் இரண்டே கால் மடங்கு, சாதாரண ஃபேன் என்ன செய்யும்?

சில சிப்களுக்குக் குளிர் ஒரு அளவைத் தாண்டினால் ஒத்துக்கொள்ளாது, அப்படியே நின்றுவிடும். இதைக் கோல்டு பக் என்பார்கள். உடனே கேஸ் டார்ச்சை எடுத்துக் குடுவைக்குள் நெருப்பைக் காட்டிச் சூடேற்றுவார்கள். கம்ப்யூட்டரைக் குளிர்விக்க வந்தவர்கள் அதற்கே தீ வைக்கும் காட்சி! சில நேரம் தெர்மல் பேஸ்ட் குளிரில் விரிசல் விட்டுவிடும். குடுவை நல்ல குளிரில் இருக்கும், சிப் மட்டும் சூடாகிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, காயவைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

(வீட்டில் செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. மூடிய அறையில் ஆக்சிஜனை விரட்டிவிடும், வாசனையும் கிடையாது. ஜன்னல் இல்லாத அறையில் தயவுசெய்து வேண்டாம்.)

இவ்வளவு பாடுபட்டு, எல்லா கோரும் முழுச் சுமையில் ஓட, சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விழாமல் முடிக்கிறார்களே, அதுதான் எனக்குச் சாதனை. அங்கே வேகம் 9-க்கு நிறையவே கீழேதான் நிற்கும். தலைப்புச் செய்தியில் எடுபடாது. மதர்போர்டு கம்பெனிகளின் விளம்பரப் படத்துக்கும் ஒத்துவராது, அவர்களுக்குத் தேவை முழு எண்.

அந்த எண் மோகம் நம் மேஜைக்கும் வந்துவிட்டது. 14900கேஎஸ் பெட்டியைப் பிரித்த நாளிலேயே 6.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஓவர்கிளாக் செய்பவருக்கு மிச்சமிருந்த இடத்தையெல்லாம் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்த 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் பலருக்கும் கிராஷ் ஆக ஆரம்பித்தன. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்குகிறது என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் விட்டு, வாரன்ட்டியை 2 வருஷம் நீட்டியது. குடுவை வைத்து ஒரே ஒரு நொடி சாதனைக்காக 2 வோல்ட் ஏற்றுபவர் சிப் செத்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தே ஏற்றுகிறார். கடையில் காசு கொடுத்து வாங்கியவர் அதற்குச் சம்மதிக்கவில்லையே.

அதனால் அடுத்த சாதனைச் செய்தி உங்கள் டைம்லைனில் வந்தால் கமென்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை கோர் ஓடிக்கொண்டிருந்தது, எந்த பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) முடித்தது? ஒழுங்கான பதில் வந்தால் என்னை டேக் பண்ணுங்கள், நானும் ஷேர் செய்கிறேன்.