14 நாள் மட்டும் போதாது

"புத்தம்புது கேம் தொடரா, தைரியமா வெளியாகும் நாளே வாங்குங்க, பிடிக்கலைன்னா 14 நாளுக்குள்ள பணம் திரும்ப வந்துடும்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் நிபந்தனை இரண்டு: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடிய நேரமும் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். முதல் தடவை ஷேடர் கம்பைல் ஆவதும் (கிராபிக்ஸ் தயாராகும்வரை காத்திருப்பது), மெனுவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் சேர்த்தி. கூடுதல் விலைப் பதிப்பில் முன்கூட்டியே ஆடக் கிடைக்கும் நாட்களின் நேரமும் 2024 ஏப்ரலிலிருந்து சேர்கிறது. அதனால் முதலில் செட்டிங்ஸ், ஃபிரேம் ரேட் (காட்சி எவ்வளவு சீராக ஓடுகிறது என்பது), கன்ட்ரோலர் மூன்றையும் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். வேறு கடையில் வாங்கிய கீ (கேமைத் திறக்கும் குறியீடு) என்றால் ஸ்டீமிடம் கேட்டுப் பயனில்லை.

சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டோர் இன்னும் கறார். அங்கேயும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கினாலே பொதுவாக அந்த உரிமை போச்சு (கேமில் கோளாறு இருந்தால் தவிர). முன்பதிவு செய்பவர்கள் தானியங்கி டவுன்லோடை நிறுத்தி வைப்பது நல்லது.

சோனியின் கான்கார்ட் கேமைக் காட்டி "எப்படியும் பணம் வரும்" என்பதும் பொருந்தாது. 2024 ஆகஸ்ட் 23-ல் 40 டாலருக்கு வந்து, செப்டம்பர் 6-ல் சர்வரையே மூடியதால்தான் சோனி எல்லோருக்கும் பணம் கொடுத்தது. சுமாரான கேமுக்கு யாரும் அப்படித் தரமாட்டார்கள்.