பரிசு வேறு, கைக்கு வந்தது வேறு
போக்கர் என்ற சீட்டாட்டத்தின் வீரர் ஜோ கேடா 21 வயதில் 85 லட்சம் டாலரைத் 'தன் திறமையால் மட்டுமே' அள்ளினார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி, அதுவும் நேரடி அர்த்தத்திலேயே! அந்தப் பரிசு கிடைத்த, 2009இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் (WSOP) முதன்மைப் போட்டியில் அவருக்குப் பின்னால் பணம் போட்ட ஆட்கள் இருந்தார்கள். பேசிய பேச்சுப்படி பரிசில் சரிபாதி அவர்களுக்கு. மீதியில் வரி வேறு. தொழில்முறை போக்கரில் இது சகஜம்தான். நுழைவுக் கட்டணமே 10,000 டாலர், போனால் போனதுதான். வீரர்களின் 'மொத்தப் பரிசு' என்று இணையத்தில் போடுகிறார்களே, அதில் இப்படிக் கட்டித் தோற்ற காசைக் கழிப்பதே இல்லை. திறமை விஷயத்துக்கு வருவோம். இறுதி மேசையில், அதாவது கடைசியில் மிஞ்சிய சில வீரர்கள் மோதும் சுற்றில், கேடா ஜோடி மூன்றை (இரண்டு மூன்று எண் சீட்டுகளை) வைத்துக்கொண்டு எல்லாப் பந்தயச் சில்லுகளையும் தள்ளினார், எதிரில் அதைவிடப் பெரிய ஜோடி ஜாக். பொதுச் சீட்டுகளில் மூன்றாவது மூன்று வந்து விழுந்து, கேடா ஜெயித்தார். பிறகு ஜோடி இரண்டு, எதிரில் ஜோடி ராணி. அங்கேயும் அதே கதை. ஒவ்வொன்றிலும் அவர் ஜெயிக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்புதான். அதற்காக, அந்தக் கட்டுரைக்குக் கருத்துப் போட்ட ஒரு நண்பர் எழுதியதுபோல 'வெறும் குருட்டு அதிர்ஷ்டம்' என்று தள்ளிவிடவும் முடியாது. அதே கேடா 2014இல் ஒன்று, 2018இல் இரண்டு என்று அதே தொடரில் மேலும் பட்டங்கள் வென்றார். 2018 முதன்மைப் போட்டியில், ஆயிரக்கணக்கானோரைத் தாண்டி மறுபடியும் இறுதி மேசைக்கு வந்து ஐந்தாம் இடம் பிடித்தார். கட்டுரையாளர் அந்த 2018ஐப் பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான் எனக்குப் புரியவில்லை.