பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள்

நேற்றிரவு சித்தியின் மகன் வாட்சப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, வெள்ளை, ஒட்டோ கியர், மீற்றரில் 98,000 கிலோமீற்றர். அவனுக்குப் பிடித்தது அந்த 98,000தான். அதே ரகத்தில் 2004ஆம் ஆண்டுக் கார் ஒன்றை 2016இலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இந்த வருடம் இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த மீற்றர். இருபது வருடத்துக்கு மேலான கார் 98,000 ஓடியிருக்கிறது என்றால் வருடத்துக்கு ஐயாயிரம்கூட இல்லை. மீற்றரைக் குறைத்து விற்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. சரி, இது உண்மையான மீற்றர் என்றே வைத்துக்கொள்வோம். காலை ஏழரைக்கு வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூட நேரம், பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும். மீற்றரில் ஏறுவது எட்டு ஒன்பது கிலோமீற்றர், எஞ்சின் ஓடியதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதுவும் ஏசி போட்டபடி, காற்றே படாமல். அதே ஒரு மணி நேரம் வவுனியாவுக்கு அந்தப் பக்கம் ஓடினால் அறுபது கிலோமீற்றர் போய்விடலாம். ஆகவே கொழும்புக் காரின் மீற்றர் குறைவாக இருக்கிறது என்பதற்காக எஞ்சின் களைக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் ஒயில் மாற்றுவதற்கு நான் கிலோமீற்றரை மட்டும் பார்ப்பதில்லை, ஐயாயிரம் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. இந்த 1500 சிசி எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அந்தச் செயினை நனைப்பதும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அழுத்துவதும் அதே எஞ்சின் ஒயில்தான். ஒயிலை அழுக்காக விட்டால் செயின்தான் முதலில் சத்தம் போடும்.

இந்த வயதுக் காரில் என்னை அதிகம் செலவழிக்க வைத்தது எஞ்சின் இல்லை, ரப்பர். புஷ் (இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்), எஞ்சின் மவுன்ட், தண்ணீர் ஹோஸ், கதவு பீடிங், வைப்பர், ரயர் எல்லாமே. ரப்பர் நிற்கும் காரிலும் கிழடாகிறது, வெயிலில் இன்னும் வேகமாக. வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும் இருபது வருட ரப்பர் இருபது வருட ரப்பர்தான்.

வாங்கி இரண்டாவது வருடம், மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன் இடப்பக்கம் டொக் டொக் என்று ஒரு சத்தம். ஒரு கராஜில் சொக் அப்சோபர் போய்விட்டது என்றார்கள், இரண்டையும் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. பிறகு கிருலப்பனையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரைத் தூக்கி, ஒரு அலவாங்கை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினார். அசையவே கூடாத அந்த இரும்பு விரல் தடிப்பு அளவுக்கு முன்னும் பின்னும் போய் வந்தது. டோர்ச்சைப் பிடித்து, இங்கே பாருங்கள் மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னார். புஷ்ஷின் ரப்பர் கோடைக்காலத்துக் குளத்துத் தரைபோல வெடித்து, ஒரு பக்கம் இரும்பை விட்டே கழன்றிருந்தது. கழற்றி எடுத்தபோது என் கையிலேயே துண்டாக உதிர்ந்தது. நல்லாயிருந்த சொக் இரண்டுக்குக் கொட்டிய காசில் பத்தில் ஒன்றுதான் அந்த புஷ். அன்றிலிருந்து கொழும்பில் வேறு கராஜ் பக்கம் நான் போனதில்லை. சாமானை விற்பதற்கு முன்னால் நோயைத் தேடுகிற ஒருவர் கிடைத்துவிட்டால் அவரை விடாதீர்கள், பழைய கார் வைத்திருப்பதில் பாதி அதுதான்.

சாமான் வாங்க, கார் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குத்தான் போவேன். அங்கே கடை வைத்திருக்கும் ஒரு நானா இருக்கிறார், போனதும் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, விக்கிறதுக்கா, ஓடுறதுக்கா?" விற்பதற்கென்றால் மலிவான டூப்ளிகேட்டை எடுத்து வைப்பார், ஓடுவதற்கென்றால் ஜப்பான் சாமான். கேள்வி அவருக்கு வியாபாரம், ஆனால் எனக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்றிருக்கும். நம் ஊரில் எத்தனை பேர் அந்த முதல் சாமானைப் போட்டு, மேலே பொலிஷ் அடித்து, இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டியிருப்பார்கள். ஒன்று சொல்கிறேன், ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய சாமானில் கதவு, கண்ணாடி, லைட், ஒல்டனேற்றர் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். அதுவும் உங்கள் காரின் வயதுதான்.

அப்புறம் தண்ணீர்க் கதை. 2019 ஓகஸ்ட், நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மா, மனைவி, பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறோம். மதவாச்சி தாண்டி, வெயில் உச்சியில். வெப்ப முள் எப்போதும் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கும், அது மெல்ல மேலே போவதைக் கண்டேன். ஏசியை நிறுத்தி ஓரம் கட்டினேன். பொனட்டைத் திறந்தால் ரேடியேற்றரின் மேற்பக்க பிளாஸ்ரிக் தொட்டியில் தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஆவி. ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கை போனது, அம்மாதான் "தம்பி, கொதிக்குது, விடு" என்று தடுத்தார். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் அழுத்தத்தில் கொதிநீர் முகத்துக்கே அடிக்கும். ஒரு மணி நேரம் மரநிழலில் காத்திருந்து, தண்ணீர் விட்டு விட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று வவுனியா போய்ச் சேர்ந்தோம். முறிகண்டியில் தேங்காய் உடைக்கும்போது இரவாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் கச்சான் பையை அப்படியே காலி பண்ணினார்கள்.

வவுனியாவில் ரேடியேற்றரைக் கழற்றியபோது உள்ளிருந்து வந்தது செங்கல் நிறத் தண்ணீர். நான் முன்பு போய்க்கொண்டிருந்த கராஜில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், நானும் கேட்கவில்லை. நம் நாட்டில் குளிர் இல்லை, ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் எதற்கு என்று நினைக்கிறோம். தண்ணீரை உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே துருப் பிடிக்காமல் காப்பதும் அதன் வேலையே. எஞ்சினின் அலுமினியத் தலை ஒருமுறை சூட்டில் வளைந்துவிட்டால் அந்தச் செலவு வேறு கணக்கு. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதால் தப்பினேன். பிறகு வந்த பல சிறிய கார்களில் அந்த முள்ளே இல்லை, வெறும் லைட்தான், அது எரியும்போது நிற்க நேரம் இருக்காது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் ஒரு லீற்றர் 470 ரூபாய். விலை இருக்கட்டும், பெற்றோலே இல்லை. பிறகு பெற்றோல் அடிக்க இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்துக்கு நாள், கியூஆர் அட்டை, காருக்கு வாரம் 20 லீற்றர். கார் வாரக் கணக்கில் அசையாமல் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, ஓடும் காரைவிட நிற்கும் கார் வேகமாகக் கெடும் என்று. பற்றரி செத்தது, பின் பிரேக் ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டது, ரயர் நின்ற இடத்திலேயே தட்டையானது. டொலர் ஏறியதால் சாமான் விலையும் ஏறியிருந்த நேரம் அது, ஒவ்வொன்றும் வலித்தது.

இன்னொரு கெடுதலும் அந்த வருடங்களில்தான் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. நான் 23 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு, ஆறு வருடம் ஓட்டிய பிறகு, அதன் இரட்டிப்பை ஒருவர் வாசலில் வைத்துக் கேட்டார். அதோடு சனம் காரைக் காணி மாதிரி நினைக்கத் தொடங்கிவிட்டது. காணிக்கு யார் புஷ் மாற்றுவார்கள்? விலை தானாக ஏறுகிறது, பிறகு எதற்குக் காசு போட வேண்டும் என்று விட்ட கார்கள்தான் இப்போது விளம்பரத்தில் வந்து நிற்கின்றன. ஐம்பது லட்சம் சொல்கிறார்கள், ரயரைப் பார்த்தால் பத்து வருடப் பழசு. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. ரயரில் பூ (தேயும் வரிப் பகுதி) நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், முதலில் அந்த இலக்கத்தைப் படியுங்கள்.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. வருடா வருடம் லைசன்ஸ் எடுக்க இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகை நல்லதென்றால் சரி. தனியார் காரின் பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ அந்த நாளில் ஒருவரும் பார்ப்பதில்லை. பத்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு வருடம் ஒருமுறை கீழே ஒரு டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிச் சட்டம் வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன், கட்டணத்தையும் கட்டுவேன். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஹப்புத்தளையிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி பஞ்சாகும்வரை தெரியாது.

கடலோர மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குத் துருவும் உண்டு. கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வடிவதற்கு, அவை அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கும். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்தி விடுகிறேன், அவ்வளவுதான்.

எல்லாச் செலவையும் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். பெற்றோல், இன்சூரன்ஸ் நீங்கலாகக் கடந்த வருடம் 187,000 ரூபாய். மாதத்துக்குப் பதினாறாயிரத்துக்குக் கிட்ட. சின்னத் தொகை இல்லை, எங்கள் வீட்டுக்கு அது தெரிகிற தொகை. ஆனால் என் நண்பன் புதிய காருக்கு மாதம் கட்டும் லீசிங்கில் அது ஒரு சின்னப் பங்குதான். பழைய கார் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முன்கூட்டியே செலவழித்தால் தாங்கலாம், அப்படித்தான் சொல்வேன். வாங்கும் காசில் குறைந்தது மூன்று லட்சத்தை முதல் ஆறு மாதத்துக்கென்று தனியாக வைக்க முடியாதவர்கள் இன்னும் ஒரு வருடம் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போவது நல்லது.

தம்பிக்கு இவ்வளவையும் அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தெஹிவளையில் அந்தக் காரைப் பார்க்கப் போகிறோம், கிருலப்பனை பாஸும் வருகிறார், அலவாங்கோடு. நாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொந்தக்காரரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் குளிர்ந்தபடி இருக்க வேண்டும், ரேடியேற்றர் மூடியை நானே திறந்து தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.