எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

எங்கள் வீட்டில் சின்னத் தாத்தாவுக்கு 'எம்டன்' என்று பெயர். அவரிடம் யாரும் ஒரு ரூபாய்கூடக் கறக்க முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று, ஹைகோர்ட் மதிலில் உள்ள கல்வெட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊர்மேல் குண்டு போட்டவன் பெயர் வீட்டில் செல்லப்பெயர்! ஜெர்மனி தூரத்தில் இருக்கிறது, அதனால் சிரித்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரனோடு போட்ட சண்டை அப்படி ஆறுவதில்லை.

செப்டம்பர் வந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் 1965 போர் வந்துவிடும். பாகிஸ்தானில் செப்டம்பர் 6 பாதுகாப்பு தினம். அன்றைக்குத்தான் நம் படை எல்லை தாண்டி லாகூரை நோக்கிப் போனது. தடுத்து நிறுத்தினோம் என்பது அவர்கள் கதை. நம் கதை அதற்கு ஒரு மாதம் முன்னால், காஷ்மீருக்குள் அவர்கள் ஆட்களை ஊடுருவ விட்ட 'ஆபரேஷன் ஜிப்ரால்டர்' நாட்களில் தொடங்குகிறது. ரெண்டுமே நடந்தவைதான். எண்ணத் தொடங்கும் தேதியை நகர்த்தினால் அடித்தவன் தடுத்தவனாகிவிடுவான். ஆகஸ்டிலிருந்து எண்ணுவதே சரி என்பது என் கட்சி. ஆனால் செப்டம்பர் 6 காலை பீரங்கிச் சத்தத்தில் விழித்த லாகூர்க்காரனிடம் ஆகஸ்டைப் பற்றி என்ன பேசுவது?

லாகூருக்கு முன்னால் குறுக்கே ஓடும் கால்வாய்க்குக்கூட நாம் சொல்லும் பெயர் இச்சோகில், அவர்கள் சொல்வது பி.ஆர்.பி. கேம்கரன் ஊரை அவர்கள் பிடித்ததை அவர்களும், பக்கத்திலேயே அசல் உத்தரில் பேட்டன் டாங்கிகளை நொறுக்கியதை நாமும் நினைவில் வைத்திருக்கிறோம். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் பிடித்த நிலத்தைத் திருப்பித் தர ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் ஒரு விழாவும் இல்லை. சாஸ்திரி இறந்த ஊர் என்றுதான் நமக்கு அது தெரியும்.

1971 போர் முடிந்த டிசம்பர் 16 இன்னும் சிக்கல். நமக்கு விஜய் திவஸ், பாகிஸ்தானுக்கு டாக்கா பறிபோன நாள். வங்கதேசத்துக்கும் அதுவே வெற்றி நாள், ஆனால் யாருடைய வெற்றி என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். 2024-இல் நம் பிரதமரின் பதிவில் 'இந்தியாவின் வெற்றி' என்று இருந்தது, அவர்கள் நாட்டின் பெயர் இல்லை. டாக்காவில் கொந்தளித்தார்கள். கோபம் நியாயம்தான் என்று குழுவில் எழுதினேன். மாமா ரெண்டு நாள் பேசவில்லை.

பாகிஸ்தான் விஷயத்தில் இவ்வளவு பேசும் நாம், நம் வாசல் போரைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் நம் அமைதிப்படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. 1990 மார்ச்சில் திரும்பியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. கார்கிலுக்கு ஜூலை 26 இருப்பதுபோல் இதற்கு ஊரறிந்த ஒரு நாள் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படையை வெளியேறச் சொன்ன கொழும்பு, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு நினைவிடம் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ அக்டோபர் 21-ஐ வேறு மாதிரி நினைக்கிறார்கள். 1987-இல் அன்று ஆஸ்பத்திரிக்குள் புகுந்த அதே படை சுட்டதில் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வளசரவாக்கத்தில் நாங்கள் இருக்கும் பிளாட்டின் செக்யூரிட்டி அண்ணன் முன்னாள் ராணுவம், அந்தப் படையில் போனவர். விஜய் திவஸுக்கு ஸ்டேட்டஸ் வைப்பார். யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் இறங்கியதைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ரெண்டாவது மாடியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்கா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்டோபர் 21 அன்று வாசலில் ஒரு விளக்கு வைப்பார். லிப்ட் ரிப்பேரானால் அவருக்கு சிலிண்டரை மேலே தூக்கிக்கொண்டு போவது இந்த அண்ணன்தான். இவர் எங்கே இருந்தவர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா, விளக்கு எதற்கென்று இவருக்குத் தெரியுமா, தெரியாது. நான் ரெண்டு பேரிடமும் கேட்டதில்லை.