எழும்பூரில் கற்றுக்கொடுப்பது எங்கே போய்ச் சேருகிறது

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு விஷயம்தான் சொல்வார்கள். ஒன்று, பயங்கரக் கூட்டம். இன்னொன்று, "ஆனா டாக்டருங்க கெட்டிக்காரங்க." இரண்டும் உண்மைதான். காலையில் ஹால்ஸ் ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், நெல்லூர், சித்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த அம்மாக்கள், இடுப்பில் குழந்தையும் கையில் பழைய ரிப்போர்ட் பையுமாக நிற்பார்கள். நான் பேச வருவது அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வருகிறது, வெளியே எங்கே போகிறது என்பதைப் பற்றி. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

குழந்தை மருத்துவத்தில் எல்லாமே எடைக் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு பாட்டில் டிரிப்ஸ் கூடக் குறைய ஏறினாலும் பெரும்பாலும் உடம்பு தாங்கிக்கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு அப்படி இல்லை. கடுமையான தொற்றில் ரத்த அழுத்தம் விழுந்து, கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு எவ்வளவு திரவம், எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது? வேகமாக ஏற்றச் சொன்ன மேல்நாட்டு வழிமுறைகள், கைக்கெட்டும் தூரத்தில் வென்டிலேட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே நிலைமை வேறு. எழும்பூர் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் இந்துமதி சந்தானம் குழுவினர் இந்தக் கேள்வியையே ஆய்வாக எடுத்து 147 குழந்தைகளிடம் வேகமாக ஏற்றுவது, சற்று மெதுவாக ஏற்றுவது என்ற இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். அது 2008-ல் வெளியானது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் வேகமாக ஏற்றிய குழந்தைகளில் அதிகம் பேருக்கு, முதல் இருபது நிமிடத்திலேயே கல்லீரல் வீங்கியிருந்தது. திரவம் உடம்பு தாங்கும் அளவை மீறுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். பிறகு 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, அவசரமாகத் திரவம் ஏற்றியதில் இறப்பு கூடியது என்று சொல்லி உலகத்தையே யோசிக்க வைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது, கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம் என்பதுதான். வலது பக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்து, கல்லீரல் கீழே இறங்குகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்து, வெளிறிய இடம் எத்தனை விநாடியில் சிவக்கிறது என்று பார்க்க வேண்டும். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். செய்யாறிலும் திண்டிவனத்திலும் நள்ளிரவில் டியூட்டியில் இருக்கும் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால், டெங்கு சீசனில் எத்தனையோ குழந்தைகள் சென்னைக்கு வரவே தேவையில்லை, வந்தாலும் பிழைக்கும் நிலையில் வந்து சேரும்.

அதனால்தான் சர்வீஸ் கோட்டா, அதாவது அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கான மேற்படிப்பு ஒதுக்கீடு, என்ற விஷயத்தை நான் உயிர் போகிற விஷயமாகப் பார்க்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர், எழும்பூர் மாதிரி இடத்தில் குழந்தை மருத்துவம் மேற்படிப்பு முடித்துவிட்டு மறுபடி அரசுப் பணிக்கே, தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே திரும்புவார். மாநிலத்தின் மேற்படிப்பு இடங்களில் பாதியை இவர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். 2017-ல் அகில இந்திய விதியைக் காட்டி அது நின்றுபோனது. 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்ன பிறகுதான் வழி திறந்தது. பிறப்பு இறப்பு விகிதங்களுக்காக மத்திய அரசு எடுக்கும் மாதிரிப் பதிவுக் கணக்கில், அதே 2020-க்கு, ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்தப் பதிமூன்றுக்குப் பல காரணங்கள் உண்டு, கிராம செவிலியரில் தொடங்கி 108 வண்டி வரை. அந்தச் சங்கிலியில் இப்படித் திரும்பிப் போன டாக்டர்களுக்கும் இடம் உண்டு. இந்த ஒதுக்கீட்டால் தகுதி, மெரிட் கெடுகிறது என்று சேனலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒரு தடவையாவது தாலுகா ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும்.

ஆனால் டாக்டர் மட்டும் போதாது. பச்சிளம் குழந்தை வார்டில் ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்குக் குழாய் வழியாகத் தாய்ப்பால் கொடுப்பது, மூச்சு நின்றால் சட்டென்று கவனித்து உள்ளங்காலைத் தட்டிவிடுவது, அம்மாவை உட்காரவைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் நர்ஸ் வேலை. இதைக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். நாம் என்ன செய்தோம்? 2015-ல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்தோம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி வந்தவர்களில் பலர் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கையில் தொழில் படிந்த நேரத்தில் ஒரு நர்ஸை வேறு வார்டுக்கு மாற்றினாலோ, சம்பளம் கட்டுப்படியாகாமல் அவர் வெளிநாடு போனாலோ, அந்த இன்குபேட்டர் பக்கத்தில் நிற்கப்போவது மறுபடியும் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர்தான்.

புதுக் கட்டடம் திறந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், எடுக்கட்டும், கட்டடமும் வேண்டும்தான். அதே மேடையில் இரண்டு விஷயம் அறிவிக்கச் சொல்லுங்கள்: பச்சிளம் குழந்தைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு அங்கிருந்து மாற்றக் கூடாது, அவர்கள் எல்லோருக்கும் முழுச் சம்பளத்தோடு நிரந்தரப் பணி.