ஜோசுவா பிம்மின் கடைசிப் பெரிய ஆட்டம் 1894-இல் அல்ல
1894 விம்பிள்டனை வென்றதும் அயர்லாந்து டென்னிஸ் வீரர் ஜோசுவா பிம் மருத்துவத்துக்குப் போய்விட்டார், பிறகு பெரிய போட்டி எதிலும் ஆடவே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். முதல் பாதி ஏறக்குறைய சரி, இரண்டாம் பாதி சரியல்ல. 1902 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த, நாடுகளுக்கு இடையிலான டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையில் பிரிட்டிஷ் தீவுகள் அணிக்காக அவர் ஆடினார். அணியின் இன்னொரு வீரரான லாரி டோஹர்ட்டியை இரட்டையருக்கு மட்டும் நிறுத்திக்கொண்டு, ஒற்றையரில் டாக்டர் பிம்மை இறக்கினார்கள். அமெரிக்க வீரர்கள் விட்மனிடமும் லார்னெடிடமும் பிம் தோற்றார். அமெரிக்கா 3–2 என வென்றது.

விம்பிள்டன் பட்டியலை மட்டும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அப்போது முந்தைய ஆண்டு சாம்பியன் நேராக இறுதிச் சவால் ஆட்டத்துக்கு வந்தால் போதும். 1895-இல் பிம் வரவில்லை. மற்றவர்களுக்கான சுற்றுகளை வென்றுவந்த வில்ஃப்ரெட் பேட்லி அந்தச் சவால் ஆட்டத்தை ஆடாமலேயே பட்டம் பெற்றார். அந்த வரியோடு பிம்மின் பெயர் அந்தப் பட்டியலில் நின்றுவிடும்.

சரிபார்ப்பது சுலபம்: டேவிஸ் கோப்பையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் 1902-ஆம் ஆண்டு முடிவுகளைத் திறந்து, ஒற்றையர் வரிகளைப் பாருங்கள். பிம் பெயர் இரண்டு முறை வரும். எட்டு ஆண்டு கழித்து, 33 வயதில் ஒரு மருத்துவர் நாட்டுக்காகக் களமிறங்கியது விட்டுவிடக்கூடாத செய்தி.